பெரு பயணம்: எந்த ஊரை எந்த வரிசையில் பார்ப்பது

ஜூலை மாதத்தில் 16 நாள் விடுப்பில், 66 வயதான தாயாருடன் நீங்களும் உங்கள் கணவரும் கோவையிலிருந்து பெரு நாட்டுக்குச் செல்ல விரும்புவதாகவும், மூவரும் சைவ உணவினர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இன்கா மக்களின் பழைய மலைநகரான மச்சு பிச்சுவைத் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது, எந்த வரிசையில் போவது, மலை உயரம் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் மற்ற இரண்டுக்கும் விடை அதிலிருந்துதான் பிறக்கிறது.

பெருவை மேற்கிலிருந்து கிழக்காக மூன்று நீண்ட பட்டைகளாக எண்ணிப் பாருங்கள். பசிபிக் கடலோரம் முழுவதும் பாலைவனம். தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் கடற்காற்றைக் குளிர்வித்து மழை மேகம் உருவாகாமல் செய்துவிடுவதால், கடலை ஒட்டியிருந்தும் அங்கே மழை பெயரளவில்தான் உண்டு. அடுத்து ஆண்டீஸ் மலைத்தொடர் செங்குத்தாக எழுகிறது. அதன் மிக உயர்ந்த சிகரமான உவாஸ்கரான் 6,768 மீட்டர். மலையின் மறுபுறம் சரிந்து இறங்கினால் அமேசான் காடு, அது நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல். கடல்மட்டத்தில் இருக்கும் தலைநகர் லிமாவிலிருந்து 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் குஸ்கோவுக்கு விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடுகிறது. உடலால் அவ்வளவு விரைவாகப் போக முடியாது என்பதுதான் சிக்கல். குஸ்கோவில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, நான்கு படி ஏறியதும் மூச்சுவாங்குதல் ஆகியவை முதல் இரண்டு நாட்களில் வரலாம். இதை அந்நாட்டவர் 'சொரோச்சே' என்கிறார்கள்.

வயது மட்டுமே இதற்குக் காரணமாவதில்லை. நல்ல உடற்கட்டுள்ள இளைஞர் படுத்துவிட, அவருடன் வந்த பெரியவர் சாதாரணமாக நடமாடுவது அங்கே வழக்கமாகக் காணும் காட்சி. இதயம், நுரையீரல், இரத்த அழுத்தம் ஆகியவற்றில் குறை இருந்தால் கவலை கூடும். எனவே பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே தாயாரை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, 3,800 மீட்டர் உயரத்தில் இரண்டு இரவு தங்கப் போகிறோம் என்ற விவரத்தைச் சொல்லிக் கேளுங்கள். அசெட்டசோலமைடு என்ற மாத்திரையைச் சிலருக்கு முன்கூட்டியே கொடுப்பார்கள். அதை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பது மருத்துவரின் முடிவாகவே இருக்க வேண்டும். விடுதிகளில் கோகா இலைத் தேநீர் தருவார்கள். பெயரைக் கேட்டதும் சாக்லேட் தரும் கொக்கோ நினைவுக்கு வரலாம். இது வேறு, கோகா என்னும் செடியின் இலை. பெருவில் இது சட்டப்படியானது, ஆனால் ஓர் இலையைக்கூட ஊருக்கு எடுத்து வரக் கூடாது. வேறு நாட்டு விமான நிலையங்களில் அது போதைப்பொருள் குற்றமாகிவிடும்.

ஆகவே உங்கள் பயணத்தின் வரிசை உயரத்தின் வரிசையாக அமைய வேண்டும். கடலோரத்தில் தொடங்கி, 2,335 மீட்டரில் உள்ள அரெகிபாவில் மூன்று இரவு தங்கி, பிறகு கோல்கா பள்ளத்தாக்கு, டிட்டிகாகா ஏரி என ஏறி, அங்கிருந்து குஸ்கோவுக்கும் புனிதப் பள்ளத்தாக்குக்கும் இறங்கி, முடிவில் 2,430 மீட்டரில் இருக்கும் மச்சு பிச்சுவை அடைவது நல்லது. பெரும்பாலான சுற்றுலா நிறுவனங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. லிமாவில் இறங்கியவர்களை மறுநாளே குஸ்கோவுக்குப் பறக்கவைத்து, மூன்றாம் நாள் மச்சு பிச்சுவைக் காட்டிவிடுகின்றன. பார்க்க வேண்டியதை முதலில் பார்த்துவிடலாம் என்ற அவசரத்துக்கு அது ஏற்றதாக இருக்கலாம். தாயாருடன் செல்பவர்களுக்கு ஏற்றதல்ல. உதகமண்டலத்தில் மூச்சுத் திணறாமல் நடமாடுபவருக்கு மச்சு பிச்சுவின் உயரம் ஒரு பொருட்டே இல்லை. அதை அடைவதற்காகக் கடந்து செல்லும் குஸ்கோதான் அதைவிட ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

ஜூலையைத் தேர்ந்தெடுத்தது மலைப்பகுதிக்கு மிகச் சரி. மே முதல் செப்டம்பர் வரை அங்கே மழையற்ற காலம். பகலில் வெயில் தெளிவாக இருக்கும், இரவில் டிட்டிகாகா ஏரிக்கரை நகரான புனோவில் குளிர் உறைநிலைக்கும் கீழே போகும். ஆனால் கடலோரத்தின் பருவம் இதற்கு நேர் எதிரானது. மலையில் வானம் நீலமாக இருக்கும் அதே மாதங்களில் லிமாவின் மேல் சாம்பல் நிறப் பனிமூட்டம் கவிந்திருக்கும், 'கருவா' எனப்படும் நுண்தூறல் விழும். நாட்டின் எல்லாப் பகுதிக்கும் ஒருசேரப் பொருந்தும் மாதம் என்று ஒன்று கிடையாது. ஜூலை 28 பெருவின் சுதந்திர நாள்; 1821இல் அன்றுதான் விடுதலைப் படைத்தலைவர் ஹோசே டி சான் மார்ட்டின் லிமாவில் விடுதலையை அறிவித்தார். அந்த வாரத்தில் நாடே ஊர்ப்பயணம் கிளம்பும் என்பதால் பேருந்தும் விடுதியும் நிரம்பி வழியும். முடிந்தால் 25ஆம் தேதிக்குள் திரும்பிவிடும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

லிமாவில் இரண்டு நாள் போதும். 1535இல் ஸ்பானியப் படைத்தலைவர் பிரான்சிஸ்கோ பிசாரோ நிறுவிய நகரம் இது. பழைய நகரின் மரச்செதுக்கு மாடங்களையும் சான் பிரான்சிஸ்கோ மடத்தின் நிலவறைகளையும் பார்க்கலாம். எனினும் என் பரிந்துரை, முதல் நாளிலேயே லார்க்கோ அருங்காட்சியகத்துக்குச் செல்ல வேண்டும் என்பதே. ஸ்பானியர் வருவதற்கு முன் இங்கே இன்காக்கள் பேரரசாக ஆண்டது ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுதான். அவர்களுக்கு முன் மோச்சே, நாஸ்கா, வாரி, சிமு என்று எத்தனையோ மக்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மண்ணில் வாழ்ந்து கலை வளர்த்திருக்கிறார்கள். லார்க்கோவில் இருக்கும் மோச்சே மண்கலங்களில் வார்க்கப்பட்ட மனித முகங்களை, ஒவ்வொன்றும் ஓர் ஆளின் உருவம் என்று சொல்லத்தக்க அந்த முகங்களை, ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போனால் பிறகு வரும் ஒவ்வொரு ஊரும் வேறு மாதிரி விளங்கும். மிராப்ளோரெஸ் பகுதியின் நடுவே, அடுக்குமாடி வீடுகளுக்கு இடையில், வாக்கா புக்யானா என்ற, சுடாத பச்சைச் செங்கல்லால் ஆன பிரமிடு எழுந்து நிற்பதையும் காணத் தவறாதீர்கள்.

அடுத்து லிமாவிலிருந்து தெற்கே நான்கு மணி நேரப் பயணத்தில் பரகாஸ். படகில் பாயெஸ்டாஸ் தீவுகளைச் சுற்றி வந்தால் கடற்சிங்கங்களையும் ஹம்போல்ட் பென்குயின்களையும், பாறையே தெரியாதபடி அமர்ந்திருக்கும் கடற்பறவைகளையும் காணலாம். அந்தப் பறவைகளின் எச்சம்தான் 19ஆம் நூற்றாண்டில் உரமாக ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாக ஏற்றுமதியாகி, பெருவின் கருவூலத்தையே நிரப்பியது. பாலைவனத் தரையில் பழங்கால மக்கள் வரைந்த பெரும் உருவங்களான நாஸ்கா கோடுகளைக் காண நாஸ்கா ஊர் வரை போக வேண்டிய கட்டாயம் இல்லை. பரகாஸுக்கு அருகிலுள்ள பிஸ்கோ விமானத்தளத்திலிருந்தும் சிறு விமானங்கள் கிளம்புகின்றன. பாலையின் மேற்பரப்பில் இருந்த கருமையான கற்களை அகற்றி, அடியில் இருந்த வெளிறிய மண்ணை வெளிக்காட்டி வரைந்தவை அந்த உருவங்கள். மழையும் இல்லை, பெரிய காற்றும் தரையைத் தொடுவதில்லை என்பதால் அவை இவ்வளவு காலம் நிலைத்துவிட்டன. ஜெர்மனியில் பிறந்த கணித ஆசிரியை மரியா ரைஹே, தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்தப் பாலைவனத்தில் கழித்து அவற்றை அளந்தும், துடைப்பத்தால் பெருக்கியும், காவல் காத்தும் 1998இல் மறைந்தார். அவர் முயற்சி வலுப்பெறுவதற்கு முன்பே பான்-அமெரிக்க நெடுஞ்சாலை ஒரு பல்லி உருவத்தை நடுவே வெட்டிக்கொண்டு போய்விட்டது. தேடல் இன்னும் முடியவில்லை. ஜப்பானின் யமகதா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கை நுண்ணறிவின் துணையுடன் புதிதாக 303 உருவங்களைக் கண்டறிந்ததை 2024இல் வெளியிட்டார்கள். விமானம் இருபுறமும் மாறி மாறிச் சாய்ந்து பறக்கும். வயிறு புரளும் இயல்புடையவர்கள் சிறிதளவே உண்டு ஏறுவது நல்லது. தாயாருக்குப் பேருந்துப் பயணத்திலேயே தலைசுற்றல் உண்டு என்றால் இதை விட்டுவிடலாம்.

பரகாஸிலிருந்து லிமாவுக்குத் திரும்பி அரெகிபாவுக்கு விமானம் ஏறுங்கள். சாலை வழியே போனால் இரவு முழுவதும் பேருந்தில் கழியும். அரெகிபாவை நான் பெருவின் மிக அழகான நகரம் என்பேன். பலர் குஸ்கோவைச் சொல்வார்கள். மிஸ்தி எரிமலை கூம்பு போல ஊருக்குப் பின்னால் நிற்கிறது. அந்த எரிமலைப் பகுதியில் கிடைக்கும் 'சில்யார்' என்ற வெண்கல்லால் கோயில்களும் மாளிகைகளும் கட்டப்பட்டிருப்பதால் மாலை வெயிலில் ஊர் முழுவதும் இளமஞ்சளாகிவிடும். 1579இல் தொடங்கப்பட்ட சாந்தா கத்தலினா கன்னியர் மடம் ஒரு கட்டடம் அல்ல, தெருக்களும் முற்றங்களும் சமையற்கட்டுகளும் கொண்ட ஓர் ஊர். செங்காவியும் நீலமும் பூசிய அதன் சுவர்களுக்கிடையே அரைநாள் நடக்கலாம். ஆம்பாட்டோ மலைமுகட்டில் 1995இல் கண்டெடுக்கப்பட்ட, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் பலியிடப்பட்ட இன்காச் சிறுமியின் உறைந்த உடல் இவ்வூர் அருங்காட்சியகத்தின் உடைமை. மனம் கனக்கச் செய்யும் இடம் அது. விருப்பமிருந்தால் மட்டும் போங்கள்.

கோல்கா பள்ளத்தாக்கு 3,000 மீட்டருக்கும் மேல் ஆழமுடையது என்பதைவிட, அதன் சரிவுகளில் இன்காக்களுக்கும் முந்திய காலத்தில் வெட்டப்பட்ட அடுக்கு வயல்களில் இன்றும் உழவு நடக்கிறது என்பதே எனக்குப் பெரிய செய்தியாகத் தோன்றுகிறது. காலையில் காண்டோரின் சிலுவை எனப்படும் முனையில் நின்றால், ஏறத்தாழ மூன்று மீட்டர் சிறககலம் கொண்ட காண்டோர் கழுகுகள் வெப்பக்காற்றில் சிறகசைக்காமல் கண்மட்டத்துக்கு எழுந்து வரும். அங்கே போகும் சாலை 4,900 மீட்டர் உயரமுள்ள ஒரு கணவாயைக் கடக்கிறது. வண்டியிலிருந்து இறங்கிப் படம் எடுக்க ஐந்து நிமிடம் போதும், நடக்க வேண்டாம். இரவுத் தங்கலைப் பள்ளத்தாக்கின் அடியிலுள்ள யாங்கே போன்ற சிற்றூரில் வைத்துக்கொண்டால் 3,400 மீட்டர் அளவிலேயே உறங்கலாம். அரெகிபாவில் மூன்று இரவு இருந்துவிட்டு இதைச் செய்தால் பெரும்பாலானவர்களுக்குச் சிரமம் குறைவாகவே இருக்கும்; அப்போதும் தாயாருக்குத் தலைவலி தணியாமல் கூடிக்கொண்டே போனால், மேலே ஏறாமல் அரெகிபாவுக்கே இறங்கிவிட வேண்டும். அந்த நோய்க்கு மிக நம்பகமான மருந்து கீழே இறங்குவதுதான்.

டிட்டிகாகா ஏரி 3,812 மீட்டரில் இருக்கிறது; பெருவும் பொலிவியாவும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. புனோ நகரில் அழகு குறைவு, ஏரியில்தான் எல்லாம் இருக்கிறது. ஊரோஸ் மக்களின் மிதக்கும் தீவுகள் 'தொத்தோரா' என்ற கோரையால் ஆனவை: மிதக்கும் வேர்க்கட்டிகளைப் பிணைத்து, மேலே அறுத்த கோரையை அடுக்கடுக்காகப் பரப்புகிறார்கள். அடியில் உள்ளது அழுக அழுக மேலே புதிது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இன்று புனோவுக்கு அருகில் உள்ள தீவுகள் பெரிதும் சுற்றுலாவையே நம்பியிருக்கின்றன. பாட்டுப் பாடி, படகில் ஏற்றி, கைவினைப் பொருள்களை வாங்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். இதைக் குறையாகச் சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. மீனும் பறவையும் கோரையும் கொண்டு வாழ்ந்தவர்கள் தங்களிடம் வருகிறவர்களிடமிருந்து பிழைப்புத் தேடுவது இயல்பு; வாங்க விருப்பம் இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். இன்னும் உள்ளே போனால் தக்கீலே தீவு. அங்கே தொப்பி பின்னுவது ஆண்களின் வேலை. சிறுவனாக இருக்கும்போதே கற்றுக்கொள்கிறார்கள், ஒருவர் திருமணமானவரா இல்லையா என்பதைத் தொப்பியின் நிறமும் பின்னலும் சொல்லிவிடும். தக்கீலேயின் நெசவுக்கலையை 2005இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்தது. படித்துறையிலிருந்து ஊருக்கு ஏறும் பாதை செங்குத்தானது. மறுபக்கத் துறையில் இறக்கிவிடும்படி படகுக்காரரைக் கேட்டால் ஏற்றம் சற்று எளிதாக இருக்கும்.

புனோவிலிருந்து குஸ்கோவுக்குப் பகல்நேரப் பேருந்தில் செல்லுங்கள். 4,300 மீட்டர் உயர லா ராயா கணவாயைக் கடந்து, ரக்சியில் இன்காக்களின் படைப்புக் கடவுளான விரகோச்சாவின் கோயிலின் உயர்ந்த சுவரையும், அந்தஹுவாய்லியாஸ் ஊரில் கூரைமுதல் தரைவரை ஓவியம் தீட்டிய தேவாலயத்தையும் காட்டிக்கொண்டே போகும் சேவைகள் உண்டு. ஜூன், ஜூலை மாதங்களில் வழியெங்கும் வயல்களில் சிறிய உருளைக்கிழங்குகளைப் பரப்பி வைத்திருப்பதைக் காணலாம். இரவுப் பனியில் உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் காயவைத்தால் அது 'சூன்யோ' ஆகிறது. ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும் வற்றல். குளிரும் வெயிலும் ஒரே நாளில் கிடைக்கும் அந்த உயரத்துக்கே உரிய கண்டுபிடிப்பு அது.

குஸ்கோவில் ஓர் இரவு தங்கிவிட்டு, நகரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். உருபம்பா ஆறு ஓடும் இந்தப் பள்ளத்தாக்கு குஸ்கோவைவிட 500 மீட்டர் தாழ்வானது, வெதுவெதுப்பானது. பலர் இதை ஒரே நாளில் பிசாக், உருபம்பா, ஒல்யாந்தாய்தாம்போ என்று ஓடிக் கடக்கிறார்கள். உங்களுக்கு இருக்கும் நாட்களில் மூன்றை இங்கே செலவழிக்கச் சொல்வேன். ஒல்யாந்தாய்தாம்போவில் இன்காக்கள் வகுத்த தெருக்களிலேயே மக்கள் இன்றும் குடியிருக்கிறார்கள், அவர்கள் வெட்டிய கால்வாய்களில் தண்ணீர் இன்றும் தெருவோரமாக ஓடுகிறது. மேலே உள்ள கோயிலின் ஆறு பெருங்கற்கள் ஆற்றுக்கு அப்பால், எதிர்மலையின் உயரத்தில் இருந்த குவாரியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. வழியில் கைவிடப்பட்ட கற்கள் சில இன்னும் அங்கங்கே கிடக்கின்றன. ஸ்பானியர்களை எதிர்த்து எழுந்த மன்கோ இன்கா, இந்த ஊரில்தான் பிரான்சிஸ்கோவின் சகோதரர் எர்னாண்டோ பிசாரோவின் குதிரைப்படையைத் தோற்கடித்துத் திருப்பி அனுப்பினார். மராஸ் உப்பளம் கடலிலிருந்து வெகுதூரத்தில், மலைச்சரிவில் இருக்கிறது. ஓர் உப்பு ஊற்றின் நீரை 3,000க்கும் மேற்பட்ட சிறு பாத்திகளில் தேக்கி உப்பு விளைவிக்கிறார்கள், பாத்திகள் உள்ளூர்க் குடும்பங்களுக்கு உரியவை. பார்வையாளர்கள் பாத்திகளுக்கிடையே நடக்க இப்போது அனுமதி இல்லை. மேலிருந்து பார்ப்பதே சிறப்பு. அருகிலுள்ள மொராயின் வட்ட அடுக்குகளைப் பயிராய்வுக்கூடம் என்று வழிகாட்டிகள் உறுதியாகச் சொல்வார்கள். அது ஒரு கருத்து மட்டுமே.

மச்சு பிச்சுவுக்குக் குஸ்கோவிலிருந்து நேரடிச் சாலை இல்லை. ஒல்யாந்தாய்தாம்போவில் ரயில் ஏறி, அடிவார ஊரான அகுவாஸ் காலியெந்தெஸில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் மலையேற வேண்டும். அடிவாரத்தில் ஓர் இரவு தங்குங்கள். நுழைவுச்சீட்டு கடவுச்சீட்டின் பெயரில், குறிப்பிட்ட மணிக்கும் குறிப்பிட்ட சுற்றுப்பாதைக்கும் கொடுக்கப்படுகிறது. நாள் ஒன்றுக்கு உச்சவரம்பு உண்டு. ஜூலைக்கான சீட்டுகள் மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடுவதால், விமானச்சீட்டு எடுக்கும்போதே இதையும் எடுத்துவிட வேண்டும். சுற்றுப்பாதைகள் மூன்று. முதலாவது மேற்புறக் காட்சிமேடைகளோடு நின்றுவிடும். மூன்றாவது கீழ்ப்பகுதி வழியாகப் போகும், உவாய்னா பிச்சு முகட்டில் ஏறுவோர் இதையே எடுக்க வேண்டும். இரண்டாவதுதான் எல்லோரும் படங்களில் பார்த்த காட்சியையும் நகரின் உட்பகுதியையும் சேர்த்துக் காட்டுவது. சீட்டு எடுக்கும்போது இதைக் கவனிக்காதவர்கள் அங்கே போய் ஏமாந்து நிற்கிறார்கள். ஒரு சுற்றில் நுழைந்தவர் மறு சுற்றுக்குத் திரும்ப முடியாது.

1911 ஜூலை 24 அன்று அமெரிக்க ஆய்வாளர் ஹைரம் பிங்காம் இதைக் 'கண்டுபிடித்தார்' என்று எழுதும் வழக்கம் இன்னும் போகவில்லை. அவரை மேலே அழைத்துச் சென்றவர் மெல்சோர் ஆர்த்தேயாகா என்ற உள்ளூர் உழவர். அங்கே அப்போதே குடும்பங்கள் பயிர் செய்து வாழ்ந்துகொண்டிருந்தன. கோயில் சுவரில் அகுஸ்தின் லிசாராகா என்பவர் 1902ஆம் ஆண்டைக் குறித்துத் தன் பெயரை எழுதியிருந்ததைப் பிங்காமே பார்த்திருக்கிறார். அவர் யேல் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் சென்ற பொருள்கள் நெடிய வழக்குக்கும் கோரிக்கைக்கும் பிறகு 2011இல்தான் திரும்பி வரத் தொடங்கின. குஸ்கோவில் அவற்றுக்கென அருங்காட்சியகம் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் பச்சகூத்தி மன்னர் காலத்தில் எழுந்த இந்த இடத்தில் கோயில்களை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். தண்ணீரைப் பின்தொடருங்கள். ஊற்று நீரைச் சுமார் 750 மீட்டர் கால்வாயில் கொண்டுவந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக 16 நீர்த்தாரைகளில் விழச் செய்திருக்கிறார்கள். அடுக்கு வயல்களின் அடியில் கல்லும் சரளையும் மணலும் முறையாக நிரப்பி மழைநீரை வடியவிட்டிருப்பதால்தான், இவ்வளவு மழை பெய்யும் ஒரு மலைமுகட்டில் நகரம் சரியாமல் நிற்கிறது.

மலையேற்றமாக நடந்து போகும் இன்காப் பாதை நான்கு நாள் பயணம். சுமைதூக்குவோரையும் சேர்த்து நாளொன்றுக்கு 500 பேருக்கே அனுமதி, பிப்ரவரியில் மூடிவிடுவார்கள். 4,200 மீட்டருக்கு மேல் ஏறும் கணவாய் ஒன்று வழியில் இருப்பதால் இந்த முறை உங்களுக்கு இது வேண்டாம். அதேபோல், 5,000 மீட்டரைத் தாண்டும் வானவில் மலைக்குக் குஸ்கோவிலிருந்து ஒரே நாளில் போய்வரும்படி எல்லாக் கடைகளிலும் அழைப்பார்கள். தாயாரை அங்கே அழைத்துப் போக வேண்டாம் என்று திட்டமாகச் சொல்கிறேன்.

திரும்பி வந்து பார்க்கும் குஸ்கோவில் மூச்சு சீராக இருக்கும், நிதானமாக நடக்கலாம். சூரியன் கோயிலான கொரிகாஞ்சாவின் அடித்தளத்தின் மேல் ஸ்பானியர்கள் சாந்தோ தொமிங்கோ மடத்தைக் கட்டினார்கள். 1950ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் மடம் பெருமளவு இடிந்தது. சாந்து பூசாமல் இழைத்துப் பொருத்திய இன்காச் சுவர்கள் அசையாமல் வெளிப்பட்டன. நகருக்கு மேலே சக்சாய்வாமானின் பெருங்கல் மதில்கள் இருக்கின்றன. அங்கும் பிசாக், ஒல்யாந்தாய்தாம்போ, மொராய், சின்செரோ ஆகிய இடங்களுக்கும் ஒரே கூட்டுச்சீட்டு செல்லும், பத்து நாள் வரை பயன்படும். கொரிகாஞ்சாவுக்கும் மராஸுக்கும் தனிச்சீட்டு.

இந்தப் பயணத்தில் நாட்டின் வடக்கு முழுவதும் விடுபட்டுப்போகும் என்பது எனக்கு வருத்தம்தான். ட்ருஹில்யோவுக்கு அருகில் சிமு மக்களின் தலைநகரான சான் சான், ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டரில் பரந்து கிடக்கும் மண் நகரம். உலக மரபுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட 1986ஆம் ஆண்டிலேயே ஆபத்திலுள்ள மரபுச்சின்னங்களின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. காரணம் எல் நினோ. கிறிஸ்துமஸை ஒட்டிக் கடல் வெதுவெதுப்பாவதைக் கண்ட வடபெரு மீனவர்கள் குழந்தை ஏசுவை நினைத்து இட்ட பெயர் அது. நம் பருவமழையைக் குலைப்பதும் அதே எல் நினோதான். மழையே காணாத பாலையில் அந்த ஆண்டுகளில் கொட்டும் மழை, பச்சைச் செங்கல் சுவர்களைக் கரைத்துவிடும். சிக்லாயோ அருகே 1987இல் வால்டர் ஆல்வா தலைமையில் தோண்டியெடுக்கப்பட்ட சிபான் மன்னரின் கல்லறைப் பொன்னணிகளும், சாச்சாபோயாஸ் மலையில் 3,000 மீட்டர் உயரத்தில் நிற்கும் குவேலாப் கோட்டையும், 771 மீட்டர் உயர கொக்தா அருவியும் தனியாக ஒரு பயணம் வேண்டும் அளவுக்குத் தகுதி வாய்ந்தவை. அமேசானையும் இதில் திணிக்க வேண்டாம். சாலைத் தொடர்பே இல்லாத, விமானத்திலோ ஆற்றிலோ மட்டுமே அடையக்கூடிய இகிட்டோஸுக்குக் குறைந்தது நான்கு நாள் வேண்டும். மஞ்சள்காய்ச்சல் தடுப்பூசியும் முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குப் பெரு விசா தேவை. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா அல்லது ஷெங்கன் நாடுகளின் விசா குறைந்தது ஆறு மாதச் செல்லுபடியுடன் கையில் இருந்தால் அது இல்லாமலே நுழையலாம் என்ற விதி 2017 முதல் இருக்கிறது. விதிகள் மாறக்கூடும் என்பதால் தூதரகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். குஸ்கோ, புனோ பகுதிகளில் வேலைநிறுத்தமும் சாலைமறியலும் அவ்வப்போது நடக்கும். 2023 ஜனவரியில் போராட்டங்களால் மச்சு பிச்சுவே சில வாரம் மூடப்பட்டது. ஆகவே திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாளையாவது லிமாவில் வெறுமையாக விட்டுவையுங்கள்.

சைவ உணவைப் பற்றி: கிடைக்கும், கேட்டுப் பெற வேண்டும். 'கார்னே இல்லாமல்' என்று சொன்னால் மாட்டிறைச்சி இல்லாமல் என்று எடுத்துக்கொண்டு கோழியைப் போட்டுக் கொடுப்பார்கள். 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ' (இறைச்சி, கோழி, மீன் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்ல வேண்டும். சூப்புகள் பெரும்பாலும் எலும்புச் சாற்றில் செய்யப்படுபவை என்பதால் அதையும் கேட்டுவிடுங்கள். உருளைக்கிழங்கின் தாயகம் ஆண்டீஸ் மலை. ஆயிரக்கணக்கான வகைகள் அங்கே விளைகின்றன. பாலாடைக்கட்டியும் மஞ்சள் மிளகாயும் அரைத்த குழம்பு ஊற்றிய 'பாப்பா அ லா உவாங்கைனா', ஆட்டிப் பிசைந்த உருளைக்கிழங்கில் வெண்ணெய்ப்பழம் வைத்த 'கவுசா', பெரிய மணிகளையுடைய சோளக்கதிர், கீன்வா என்ற சிறு தானியம் ஆகியவை போதும். 'ரொகோத்தோ' மிளகாயின் காரம் உங்களுக்குப் பிடிக்கும். நம் சீத்தாப்பழத்தின் உறவான 'சிரிமோயா' சந்தையில் கிடைத்தால் விடாதீர்கள்.

நகரங்களில் ஸ்பானிய மொழி போதும். மலை ஊர்களில் கெச்சுவா பேசுகிறார்கள். தமிழோடு அதற்கு உறவு எதுவும் கிடையாது, ஆனாலும் அதன் அமைப்பு நம் காதுக்கு அயலாகப் படாது. 'வாசி' என்றால் வீடு, 'வாசிகுனா' வீடுகள், 'வாசிகுனாபி' வீடுகளில். இப்படி ஒட்டுகளைச் சொல்லின் பின்னால் கோத்துக்கொண்டே போகும் மொழி அது. ஸ்பானிய மொழியில் இல்லாத நாம், நாங்கள் என்ற வேறுபாடும் கெச்சுவாவில் உண்டு: கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'ஞொகான்சிஸ்', விலக்கிச் சொன்னால் 'ஞொகாய்கு'. சின்செரோவில் செடிகொடிகளைக் கொண்டு கம்பளிக்குச் சாயமேற்றி நெய்து காட்டும் பெண்களிடம் தாயாரை உட்கார வைத்துவிட்டு, விடைபெறும்போது 'சுல்பாய்கி' என்று சொல்லச் சொல்லுங்கள். நன்றி என்பதற்கு அங்கே அதுதான் சொல்.